டிவிஎஸ் 50க்கு பிபி பார்த்தீர்களா? புது பிஸ்டன் மறுபடி பிடிப்பதற்குக் காரணம் இங்கே இருக்கிறது

(திரையில்: கீறல் விழுந்த பிஸ்டன், மிக நெருக்கத்தில்)

வணக்கம் மக்களே! இந்த பிஸ்டனைப் பாருங்கள். புதுசு. ரீபோர் செய்து (சிலிண்டரை உள்ளே கொஞ்சம் பெரிதாகத் துளைத்து), ரிங் மாற்றி, லேத் பட்டறைக்கும் ஸ்பேர் கடைக்கும் காசு கொடுத்து மாட்டியது. ஒரு போகம் நெல் அறுப்பதற்குள் மறுபடி சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொண்டது. மெக்கானிக் ஆயிலைக் குறை சொல்வார். ஆயில் விற்றவர் மெக்கானிக்கைக் குறை சொல்வார். இரண்டு பேர் மேலும் தப்பே இல்லாமல் இருக்கலாம். பிஸ்டன் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, அதாவது கிராங்கின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன ரப்பர் சீல்தான் பல வண்டிகளில் இந்த வேலையைச் செய்கிறது. அது கசிகிறதா என்று கண்டுபிடிக்க, டாக்டர் நம் கையில் கட்டிப் பார்க்கும் பிபி மெஷின் போதும். நிஜமாகத்தான் சொல்கிறேன். வீடியோவைத் தள்ளிவிடாமல் பாருங்கள்.

வரலாற்றை வேகமாக முடித்துவிடுவோம். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் பஸ் தொழிலைத் தொடங்கியது நம் மதுரையில். அந்தக் குடும்பத்து நிறுவனம் 1980இல் ஓசூரில் இருந்து டிவிஎஸ் 50ஐ விட்டது. இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட் அது. பெடல் உண்டு, செயின் உண்டு, கூடவே ஒரு குட்டி என்ஜின். 2015இல் ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்த பிறகும் பழைய டூ ஸ்ட்ரோக்கை விடாதவர்கள் நம் பக்கம் நிறைய. விடியற்காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வாசலில் நின்று பாருங்கள், மல்லிகை மூட்டைக்குப் பின்னால் இருந்து அந்தச் சத்தம் கேட்கும். அதை ஓட்டுகிறவருக்கு அது பழைய வண்டி இல்லை, அன்றாடப் பிழைப்பு. அதனால்தான் இந்த வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு மேலே ஒரு வேலை, கீழே ஒரு வேலை. மேலே எரிகிறது. அது எல்லாருக்கும் தெரியும். கீழே, கிராங்க் சுற்றும் அறை இருக்கிறதே, அது ஒரு சைக்கிள் பம்பு. பிஸ்டன் ஏறும்போது கார்பரேட்டர் வழியாகக் காற்றையும் பெட்ரோலையும் ஆயிலையும் உள்ளே இழுக்கும். இறங்கும்போது அதை அழுத்தி, பக்கத்துத் துளைகள் வழியாக மேலே தள்ளும். வால்வு கிடையாது, அதைத் திறக்கும் கேமும் கிடையாது. இவ்வளவு எளிமையாக ஒரு என்ஜின் இருக்க முடியும் என்பதே எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

பம்பில் வாசர் தேய்ந்தால் என்ன ஆகும்? காற்று ஓரமாகப் போய்விடும். இங்கேயும் அதேதான். கிராங்கின் இரண்டு பக்கமும் ஆயில் சீல் இருக்கிறது. மேக்னெட் (கிராங்க் முனையில் சுற்றி, பிளக்குக்கு மின்சாரம் தரும் சக்கரம்) பக்கத்து சீல் காய்ந்து வெடித்தால், பிஸ்டன் ஏறும்போது அந்த வழியாகவும் வெளிக்காற்று உள்ளே வரும். காற்று கூடுகிறது, பெட்ரோல் குறைகிறது. பெட்ரோலோடு கலந்துதான் ஆயிலும் வருவதால் அதுவும் குறைகிறது. சூடு ஏறுகிறது. பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. அதே சூட்டுக்கு அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இடைவெளி போய்விட்டால் பிடிக்காமல் என்ன செய்யும்? அக்னி நட்சத்திர வெயிலில் மூட்டையோடு போகிற வண்டியை நினைத்துப் பாருங்கள். கிளட்ச் பக்கம் எண்ணெயில் ஓடும் மாடல்களில் அந்தப் பக்கத்து சீல் போனால் கதையே வேறு. கியர் ஆயிலை உறிஞ்சி எரித்து, தெருவே தெரியாத அளவுக்குப் புகை வரும்.

(திரையில்: மேஜை மேல் முள் வைத்த பிபி மெஷின், பழைய பிளக், சைக்கிள் ட்யூப்)

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி! முள் காட்டும் பழைய வகை பிபி மெஷின் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் எண் காட்டுகிற வகை உதவாது. கையில் சுற்றும் பட்டையைக் கழற்றிவிட்டால் நமக்கு மிச்சம் ஒரு ரப்பர் குமிழ், ஒரு மீட்டர், இரண்டு குழாய். மீன் தொட்டிக் கடையில் காற்றுக் குழாய்க்குப் போடும் பிளாஸ்டிக் டி ஜாயின்ட் கிடைக்கும். அதில் ஒரு முனையில் குமிழ், ஒரு முனையில் மீட்டர், மூன்றாவது முனை வண்டிக்கு.

வண்டியில் எங்கே கொடுப்பது? பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, இரும்புக் கூட்டுக்குள் குழாயைச் செருகி எம்சீல் வைத்து அடையுங்கள். நன்றாக இறுகட்டும். அதைப் பிளக் ஓட்டையில் மாட்டுங்கள். கார்பரேட்டரைக் கழற்றி அந்த வாயையும், சைலன்சரைக் கழற்றி அந்த வாயையும், சைக்கிள் ட்யூப்பில் வெட்டிய ரப்பர் துண்டு வைத்து, மேலே ஒரு தகடு கொடுத்து, போல்ட் போட்டு மூடுங்கள். பிறகு பிஸ்டனை அடிவரைக்கும் இறக்குங்கள். இது முக்கியம். அப்போதுதான் பக்கத்துத் துளைகள் திறந்து, மேல் அறையும் கீழ் அறையும் ஒரே அறையாகும்.

இனி குமிழை அமுக்குங்கள், நர்ஸ் அக்கா அமுக்குவது போலவே. 300 வரை ஏற்றுங்கள். நமக்கு 300 வந்தால் ஆம்புலன்ஸ், வண்டிக்கு 300 வந்தால் சந்தோஷம். 300 மி.மீ. பாதரசம் என்பது ஏறக்குறைய 6 பி.எஸ்.ஐ. டூ ஸ்ட்ரோக் கசிவுச் சோதனைக்கு உலகம் முழுக்க வைக்கும் அழுத்தம் இதே அக்கம்பக்கம்தான். யாரோ நமக்காகவே அளவெடுத்து மீட்டர் செய்தது போல இருக்கிறது, இல்லையா! பஞ்சர் கடைக் கம்ப்ரசரை மட்டும் இதில் வைத்துவிடாதீர்கள். நல்ல சீலும் இருக்கும் இடத்தை விட்டுப் பிதுங்கி வந்துவிடும்.

ஐந்து நிமிடம் பாருங்கள். முள் அப்படியே நின்றால் அடிப்பகுதி ஆரோக்கியம். இறங்கினால் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு, சிலிண்டர் அடி கேஸ்கெட், கிராங்க் அறையின் இரண்டு பாதி கேஸ் சேரும் கோடு, மேக்னெட்டைக் கழற்றி அதன் பின்னால் இருக்கும் சீல் என்று வரிசையாகத் தடவுங்கள். நுரை எங்கே கிளம்புகிறதோ அதுதான் உங்கள் பிஸ்டனைத் தின்றது. நாம் அடைத்த ரப்பர் துண்டையும் முதலில் ஒருமுறை தடவிப் பார்த்துவிடுங்கள், அதிலேயே கசிந்தால் சீல் மேல் வீண்பழி. கிளட்ச் பக்கம் மூடிக்குள் மறைந்திருப்பதால் நுரை தெரியாது. மற்ற எல்லா இடமும் சுத்தமாக இருந்தும் முள் இறங்கினால் அந்தப் பக்கத்தைச் சந்தேகப்படுங்கள்.

சீலைப் பிரித்துப் போடும்போது கிராங்க் பேரிங்கைக் கையால் அசைத்துப் பாருங்கள். தண்டு ஆடினால் புது சீலும் நிற்காது.

லேத் பட்டறையில் ஒரு விஷயம் கேளுங்கள். ரீபோர் 0.25, 0.50 மி.மீ. என்று படிப்படியாகப் போகும். துளைத்து முடித்ததும் உள்ளே இருக்கும் போர்ட், அதாவது அந்தத் துளைகளின் ஓரங்கள் கத்தி மாதிரி நிற்கும். அந்த ஓரங்களை லேசாக மழுக்க வேண்டும். மழுக்காமல் கொடுத்தால் ரிங் போய் அதில் மாட்டி உடையும். வாங்கும்போது விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள், வெட்டுகிற மாதிரி இருந்தால் திருப்பிக் கொடுங்கள். இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

மாட்டும்போது பிஸ்டன் தலையில் உள்ள அம்பு சைலன்சர் பக்கம் பார்க்கட்டும். ரிங்கின் வெட்டு வாய், பிஸ்டனின் ரிங் பள்ளத்தில் இருக்கும் சின்ன ஊசி மேல் உட்காரட்டும். பிஸ்டன் பின் நழுவாமல் பிடிக்கும் கம்பி வளையம், அதாவது சர்க்கிளிப், எப்போதும் புதுசாக இருக்கட்டும்.

அடுத்து ஆயில். பெட்ரோல் லிட்டருக்கு 20 மி.லி. என்றால் 50க்கு 1, 25 மி.லி. என்றால் 40க்கு 1. உங்கள் வண்டிக்குச் சொன்ன அளவைப் போடுங்கள். "கூட ஊற்றினால் என்ஜினுக்கு நல்லது" என்று நம்புகிறவர்கள் இதைக் கேளுங்கள். ஜெட் (கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளை) வழியாகப் போகிற அளவு மாறாது. அதில் ஆயில் கூடினால் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும். நல்லது செய்வதாக நினைத்துக் கரியைச் சேர்க்கிறோம். இன்னொன்று, சிறுமலை மாதிரி இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டே இறங்காதீர்கள். பெட்ரோல் வராவிட்டால் ஆயிலும் வராது. அவ்வப்போது லேசாகத் திருகிக் கொடுங்கள்.

சைலன்சர் கரியைச் சுத்தம் செய்யுங்கள், சத்தத்துக்காக ஓட்டை போடாதீர்கள். அவ்வளவுதான்.

கார்பரேட்டருக்கு வருவோம். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். வண்டியைப் பல நாள் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். மிதவைக் கிண்ணம் காலியாக இருக்கட்டும். காய்ந்து போன பெட்ரோல் குழாயையும் மாற்றிவிடுங்கள்.

புது பிஸ்டன் போட்ட வண்டியில் முதல் 500 கிலோமீட்டருக்கு மூட்டை ஏற்ற வேண்டாம். ஒரே வேகத்தில் விரட்டவும் வேண்டாம். ஏற்றியே ஆக வேண்டிய பிழைப்பு என்றால் பாதி பாரமாக ஏற்றி, நடுவே டீக்கடையில் நிறுத்தி ஆறவிடுங்கள்.

யாராவது பிபி மெஷின் வைத்துப் பார்த்தால், நுரை எந்த இடத்தில் வந்தது, எந்த மாடல் வண்டி என்று கமெண்டில் எழுதுங்கள். எந்தப் பக்கத்து சீல் அதிகம் போகிறது என்று எல்லாரும் சேர்ந்து ஒரு பட்டியல் போடலாம். அடுத்த வீடியோவில் மேக்னெட்டைக் கழற்றும்போதே பிளக்கில் தீப்பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயிண்டின் இடைவெளியையும் சரி செய்வது எப்படி என்று பார்ப்போம். மேக்னெட்டை இழுத்துக் கழற்றும் புல்லர் இல்லாமல் சுத்தியலால் தட்டிக் கழற்றுகிறவர்கள் அதுவரைக்கும் கொஞ்சம் பொறுங்கள்!