ஓவியம், தறி, மண்: மூன்றுக்கும் ஒரே கையா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கமுங்க. இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை நாலு நாளாக விடவில்லை. ஓவியம் படிக்கிற ஓர் அம்மணி கோபியிலிருந்து கேட்டிருக்கிறார்: “ஐயா, படம் வரைகிறீர்கள், தறியில் உட்காருகிறீர்கள், மண்ணிலும் உருவம் செய்கிறீர்கள். ஒரு நாளை எப்படி மூன்றாகப் பிரிக்கிறீர்கள்? மூன்றையும் தொட்டால் எதிலாவது கை பழகுமா?”

முதல் பாதிக்குப் பதில் சுருக்கம்தான் கண்ணு. நாளைப் பிரிப்பது ஈரம்.

முன்னாடி பேசியதைக் கேட்டவர்கள், மறுபடியும் ஈரமா என்பார்கள். ஆமாம், மறுபடியும் அதுதான். இப்போது என் பட்டறையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மண் குதிரை நிற்கிறது. நம்ம ஊர்க் கோயில் குதிரை மாதிரிதான். களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்து, முதலில் நாலு கால்களை எழுப்ப வேண்டும். உடனே வயிற்றை ஏற்றினால் கால் பிதுங்கிவிடும். விரலால் அழுத்தினால் குழி விழக் கூடாது, நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். அந்தப் பதம் வரச் சித்திரை வெயிலில் அரை நாள் போதும். ஐப்பசியில் மூன்று நாள்கூட ஆகும். அதுவரை பக்கத்திலேயே நின்றால் கை சும்மா இருக்காது, எதையாவது நோண்டிக் கெடுத்துவிடும். அதனால் எழுந்து தறிக்குப் போய்விடுவேன்.

ஐப்பசியில் தறிக்கும் போக முடியாது. தரையில் குழி தோண்டி, அதில் காலை விட்டு மிதிக்கிற குழித்தறி இல்லையா, அடைமழையில் குழிக்குள் தண்ணீர் ஊறிவிடும். கஞ்சி போட்ட பாவும், அதாவது நீளவாக்கில் ஓடுகிற நூலும், காயாது. அப்போது காகிதமும் கரியும்தான். அந்த ஒரு மாதம் வரைந்ததுதான் வருசம் முழுவதும் மற்ற இரண்டுக்கும் சோறு போடுகிறது.

சரி, கை பழகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். படத்துக்கு நான் எடுப்பது காடாத்துணி. ஆரம்பத்தில் அதை லேசாக நனைத்துவிட்டு, புளியங்கொட்டைப் பசையில் சாக்பவுடர் குழைத்துப் பூசிவிடுவேன். பூச்சு காயும்போது துணி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சட்டத்தின் மூலையே கோணும். ஏன் என்று ரொம்ப நாள் புரியவில்லை. தறியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது: கஞ்சி பாவு நூலுக்கு மட்டும்தான், குறுக்கே போகிற ஊடைக்குக் கிடையாது. விறைப்பாக இழுபட்டு, ஊடையை அடித்து நெருக்குகிற அச்சில் உரசி உரசி வருவது பாவு. கஞ்சி இல்லையென்றால் அறுந்துபோகும். ஊடையோ தன்னைச் சுமந்து ஓடுகிற நாடாவில் சொகுசாகப் போய்வருகிறது. ஆக ஒரே துணியில் நீளவாக்கில் ஒரு குணம், அகலவாக்கில் ஒரு குணம். இப்போதெல்லாம் கொதிக்கவைத்து, கஞ்சி முழுக்கப் போகிற வரை அலசி, காயவைத்த பிறகுதான் பூச்சு. தறிக்கு உயிரான கஞ்சி படத்துக்கு ஆகாது என்பதை எனக்குத் தறிதான் சொல்லிக்கொடுத்தது. படத்தை மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தால் இன்னும் மூலையை ஆணியடித்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

நம் ஓவியர்களில் இது புதிதும் இல்லை. 1966-ல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் எழுந்தபோது, அங்கிருந்த ஓவியர்களும் சிற்பிகளும் மெழுகால் வரைந்து சாயம் ஏற்றுகிற பாத்திக் துணி செய்து விற்றுத்தான் நின்றார்கள். கே.ஜி.சுப்ரமணியன் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்பு வேலை பார்த்தவர். ஓவியம், சுடுமண், பொம்மை எதையும் அவர் விடவில்லை. பரோடாவில் அவரிடம் படித்த சிற்பி மிருணாளினி முகர்ஜியின் வேலைகளை எல்லோரும் தேடிப் பாருங்கள். தறியே கிடையாது. சாயம் ஏற்றிய சணல் கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டு ஆள் உயரத்துக்கும் மேலே உருவம் எழுப்பினார். பிறகு சுடுமண், வெண்கலம் என்று போனார். அந்த வெண்கலத்தின் மடிப்பைப் பார்த்தால் துணி பழகிய கை தெரியும்.

அம்மணி, என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பிரிப்பதைக் கேட்டீர்கள். பாதியில் எப்படி நிறுத்துவது என்று கேட்டிருக்கலாம். மூன்று வேலை செய்கிறவனுக்கு எப்போதும் இரண்டு வேலை பாதியில்தான் கிடக்கும். அதை விட்டுவிட்டு வருகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கள் அப்புச்சி, அம்மாவைப் பெற்றவர், பவானியில் ஜமக்காளம் நெய்தவர். அகல ஜமக்காளத்துக்கு இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவைக் கைமாற்றுவார்கள். பொழுது சாய்ந்தால் அப்புச்சி பேச்சை நிறுத்திவிட்டு, பாவின் இழுப்பைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுத்தான் குழியிலிருந்து எழுவார். ராத்திரி முழுக்க நூல் விறைத்துக் கிடக்கக் கூடாதாம். காலையில் கையால் பாவைத் தடவிப் பார்த்து மறுபடியும் இழுத்துக் கட்டுவார். அந்தத் தடவல் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மாட்டின் முதுகைத் தடவுவது போல இருக்கும்.

மண்ணிலும் அதையே செய்கிறேன். நாளைக்கு ஒட்ட வேண்டிய விளிம்பை மட்டும் கீறிவிட்டு ஈரத்துணி சுற்றி வைப்பேன். மற்ற இடம் காயட்டும். படத்தில் நாளைக்கு முதலில் பூசப்போகிற நிறத்தை ஓரத்தில் ஒரு தீற்று தீற்றிவிட்டு வருவேன். ஒரு முறை அவசரமாக ஊருக்குப் போய்விட்டேன், துணி சுற்றவில்லை. திரும்பி வந்து, காய்ந்த கழுத்தின் மேல் ஈரத்தலையை ஒட்டினேன். சூளையில் அந்த ஒட்டு சரியாக அதே கோட்டில் விட்டுப்போனது. மூன்று மாத வேலை. உடைந்த தலையை ஜன்னல் திண்டில் வைத்திருக்கிறேன். போன வீடியோவில் எனக்குப் பின்னால் தெரிந்ததே, அது என்னவென்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள், அதுதான்.

இன்றைக்கு வெயில் கடுமை. பேச ஆரம்பித்து இவ்வளவு நேரத்தில் குதிரையின் கழுத்துத்துணி காய்ந்திருக்கும். போய் நனைத்துவிட்டு வருகிறேனுங்க.