வாலைப் பார்த்துத் திமிங்கலத்தை அடையாளம் காணும் கல்லூரி

வணக்கம் மக்களே. போன வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவின் மெயின் (Maine) மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற கடலோர ஊருக்குப் போய் வந்தேன். அங்கே காலேஜ் ஆஃப் தி அட்லாண்டிக் என்று ஒரு கல்லூரி. நம் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தப் பேரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மொத்தமே சுமார் 350 மாணவர்கள். 1972-இல் 32 பேரோடு வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். தருகிற பட்டமும் ஒன்றே ஒன்று, மனிதச் சூழலியல், அதாவது மனிதருக்கும் சுற்றுச்சூழலுக்கும் உள்ள உறவைப் பற்றிய படிப்பு. துறை துறையாகப் பிரிப்பது கிடையாது. கேட்டதும் எனக்குத் திக்கென்றது. "இதைப் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாய்?" என்று கேட்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அவளைப் பிடித்து நிறுத்தியது அங்குள்ள திமிங்கல ஆய்வு. கூன்முதுகுத் திமிங்கலம் முங்கும்போது வாலைத் தூக்கும். வாலின் அடியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கோலம் இருக்கும். நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. வட அட்லாண்டிக் திமிங்கலங்களின் வால் படங்களைச் சேர்த்துப் பெரிய பட்டியலே வைத்திருக்கிறார்கள். அப்படி இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எனக்கு இரண்டும் வேறாகத்தான் தெரிந்தன. "அப்பா, இந்த ஓரத்தில் வெட்டுப்பட்ட தழும்பைப் பாருங்க, இரண்டிலும் ஒரே இடத்துல இருக்கு" என்றாள். ஏழாம் வகுப்பிலிருந்து கடல் கடல் என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை. நான்தான் அதைக் காதில் வாங்கவில்லை.

இன்னொன்றும் அவளுக்குப் பிடித்தது. கல்லூரிக் கூட்டத்தில் மாணவருக்கும் ஓட்டு உண்டு. ஆசிரியர் ஒவ்வொரு மாணவருக்கும் மதிப்பீட்டை எழுத்தில் எழுதித் தருகிறார். கிரேடு வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

எல்லாருக்கும் ஒத்துவரும் இடம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்தான் வேண்டும் என்கிற பிள்ளையை அங்கே அனுப்பாதீர்கள். குளிர் கடுமை. சுற்றுலா சீசன் முடிந்தால் ஊரே அடங்கிவிடும்.

சின்னக் கல்லூரி பார்க்கப் போனால், சுற்றிக் காட்டுகிறவரோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். கேன்டீனில் போய் உட்காருங்கள். ஒரு மாணவரிடம், "நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். ரேங்க் பட்டியலில் கிடைக்காத விஷயம் அந்தப் பதிலில் கிடைக்கும். கேட்கிற வேலையைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.

கட்டணம் அதிகம்தான். அதனால் இந்த வாரம் உட்கார்ந்து நிதி உதவிப் படிவத்தை நிரப்புகிறோம். அதில் எங்கெங்கே தடுமாறினோம் என்று அடுத்த வீடியோவில் சொல்கிறேன்.