இரண்டரை வோல்ட்டில் ஒரு பூஜ்யம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒலிவாங்கியில் நாம் பேசும்போது அதிலிருந்து வரும் மின்னழுத்தம் பூஜ்யத்துக்கு மேலும் கீழும் மாறி மாறி ஆடுகிறது. அதை எண்களாக்கும் மாற்றிக்கோ பெரும்பாலும் பூஜ்யத்துக்குக் கீழே ஓர் உலகம் இருப்பதே தெரியாது. மாணவர்கள் நன்கறிந்த ஆர்டுயினோ யூனோ என்னும் சிறு கணினிப் பலகையையே எடுத்துக்கொள்வோம். அது 0 முதல் 5 வோல்ட் வரை உள்ள இடைவெளியை 1024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட். அலையின் கீழ்ப்பாதியை அப்படியே உள்ளே விட்டால் அது பதிவாகாது. அரை வோல்ட்டுக்கு மேல் கீழிறங்கினால் சில்லு கெட்டும் போகலாம்.

ஆகவே அலை முழுவதையும் மேலே தூக்கி, அதன் பூஜ்யத்தை இரண்டரை வோல்ட்டில் உட்கார வைக்கிறோம். ஒலி போன்ற வேகமான அலைகளுக்கு இது எளிது. 5 வோல்ட்டுக்கும் தரைக்கும், அதாவது சுற்றின் 0 வோல்ட் முனைக்கும், நடுவே 10 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டு, அவற்றின் சந்திப்பில் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியாக அலை. 3 ஹெர்ட்ஸுக்கு நன்கு மேற்பட்டவை தடையின்றி வந்துவிடும்.

ஆனால் மெல்ல நகரும் அளவுகளை மின்தேக்கி விழுங்கிவிடும். கழித்தல் 10 முதல் கூட்டல் 10 வோல்ட் வரை தரும் உணரி ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். இங்கே சுருக்கவும் வேண்டும், தூக்கவும் வேண்டும். மூன்று மின்தடைகள் இரண்டையும் செய்துவிடுகின்றன. எனக்கு மிகவும் பிடித்த சுற்று இது, எழுதிக்கொள்ளுங்கள். உணரியிலிருந்து 20 கிலோ ஓம், 5 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம், தரையிலிருந்து 20 கிலோ ஓம். மூன்றும் கூடும் புள்ளி மாற்றிக்குப் போகிறது. உணரி கழித்தல் 10 காட்டும்போது அந்தப் புள்ளியில் 0, பூஜ்யத்தில் இரண்டரை, கூட்டல் 10-இல் சரியாக 5 வோல்ட். அந்தப் புள்ளியிலிருந்து பார்த்தால் மூன்றும் சேர்ந்து 5 கிலோ ஓம்தான். யூனோவின் சில்லுக்குச் சொல்லப்படும் வரம்பு 10 கிலோ ஓம். அதற்குள் இருப்பதால் உள்ளே இருக்கும் சிறு மின்தேக்கி நேரத்துக்குள் நிரம்பிவிடும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். அந்த நடு மின்தடைக்கு 5 வோல்ட்டை எங்கிருந்து எடுக்கிறீர்கள்? ஒருமுறை நான் கட்டிய பதிவுக் கருவியில், மாற்றி தன் அளவுகோலாகத் துல்லியமான 5 வோல்ட் குறிப்புச் சில்லு ஒன்றை வைத்திருந்தது. நடு மின்தடையின் மேல்முனையையோ, கைக்கு அருகில் இருந்தது என்பதற்காக, மின்வழங்கியின் 5 வோல்ட்டில் பற்றவைத்துவிட்டேன். அதே மின்வழங்கியில் ஓடிய ரிலே, அதாவது மின்னால் இயங்கும் சுவிட்ச், ஒவ்வொரு முறை இயங்கும்போதும் மின்வழங்கி சற்றுச் சரிந்து, பூஜ்யம் 10 படி கீழே குதித்தது. இரண்டு நாள் நிரலுக்குள் பிழை தேடினேன். மின்வழங்கி 0.1 வோல்ட் சரிந்தால் நடுப்புள்ளி 0.05 வோல்ட் சரிகிறது. நான்கில் ஒன்றாகச் சுருக்கிய சுற்றில் அது உணரியில் 0.2 வோல்ட் மாறியதாகக் கணக்காகிறது. அந்த ஒரே கம்பியைக் குறிப்புச் சில்லுக்கு மாற்றியதும் பூஜ்யம் அசையாமல் நின்றது.

மாற்றி எதை வைத்து அளக்கிறதோ, தூக்கும் மின்னழுத்தமும் அதிலிருந்தே வரவேண்டும். யூனோவில் வழக்கமாக 5 வோல்ட் முனையே அளவுகோல். அது 4.8 ஆகக் குறைந்தாலும் நடுப்புள்ளி அதில் பாதிதான். 1024-இல் பாதியான 512 என்ற எண் அப்படியே இருக்கும். அளவு சற்று மாறும், பூஜ்யம் மாறாது.

சுற்றைக் கட்டி முடித்ததும் உணரியைக் கழற்றிவிட்டு, அதன் மின்தடை முனையைத் தரையோடு இணையுங்கள். மின்தடைகள் சொன்ன மதிப்பிலிருந்து சிறிது விலகியிருக்கும் என்பதால் 512-க்குப் பதில் 509 வரலாம், 516 வரலாம். வந்த எண்ணைக் குறித்துவைத்து, நிரலில் அதையே பூஜ்யமாகக் கழியுங்கள்.