மிருதங்கத்தைப் பாட்டிலிருந்து பிரிக்க முடியுமா?

எல்லோருக்கும் வணக்கம்.

என் தாத்தா கோயில் மண்டபத்தில் பாடிய ஒரு கச்சேரி எங்கள் வீட்டில் கேசட்டாக இருக்கிறது. ஒரே மைக். மிருதங்கம் அதற்குப் பக்கத்தில், தாத்தா சற்றுத் தள்ளி. அவர் குரலை மட்டும் தனியாகக் கேட்க வேண்டும் என்ற ஆசைதான் என்னை இந்த வேலைக்குள் இழுத்து வந்தது. இரண்டு மைக் இருந்திருந்தால் ஒவ்வொன்றிலும் குரலும் தாளமும் கலந்த அளவு வேறுபடும். அதைப் பிடித்துக்கொண்டு பிரிக்க வழி உண்டு. ஒரே மைக்கில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

ஒலி அலையை அப்படியே பார்த்தால் எது யாருடையது என்று தெரியாது. அதனால் அதைத் துண்டு துண்டாக நறுக்குகிறோம். கணினியில் ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து வைக்கிறோம்; ஒவ்வொரு அளவும் ஒரு மாதிரி. அப்படியென்றால், 2,048 மாதிரிகள் கொண்ட ஒரு துண்டு சுமார் 46 மில்லிவிநாடி. ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு பலம் என்று ஃபூரியர் உருமாற்றம் சொல்லும். அவற்றை வரிசையாக அடுக்கினால் ஒரு படம் கிடைக்கும்: குறுக்கே நேரம், மேல்நோக்கி அதிர்வெண்.

அந்தப் படத்தில், அசையாமல் பிடித்த ஸ்வரம் படுக்கைக் கோடுகளாகத் தெரியும். தாளத் தட்டோ, எல்லா அதிர்வெண்களிலும் ஒரே சமயத்தில் வெடிப்பதால் செங்குத்துக் கோடாக நிற்கும். ஆய்வாளர் டெரி ஃபிட்ஸ்ஜெரால்ட் 2010இல் சொன்ன முறை இதைத்தான் பயன்படுத்துகிறது. ஒரு புள்ளியின் இடவலப் புள்ளிகளை வரிசைப்படுத்தி நடு மதிப்பை எடுத்தால் செங்குத்துக் கோடு மறையும். மேல்கீழாக எடுத்தால் படுக்கைக் கோடு மறையும். இரண்டில் எது பெரியதோ அந்தப் பக்கத்துக்கு அந்தப் புள்ளி போகும். இவ்வளவுதான். இந்த எளிமை இன்றும் எனக்கு வியப்புதான்.

சரி, கேசட்டில் ஓட்டினேன். மிருதங்கத்தின் தட்டுகளைச் சொற்கள் என்பார்கள். 'த', 'கி' போன்ற, ஒலி உடனே நின்றுவிடும் அடைத்த சொற்கள் அழகாகப் பிரிந்தன. ஒலி நீண்டு ஒலிக்கும் 'தின்', 'சாபு' இரண்டும் தாத்தாவின் குரலோடு போய் ஒட்டிக்கொண்டன.

காரணம் அந்தக் கருவியின் மேன்மையில் இருக்கிறது. வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து எழும் உயர்ந்த அதிர்வெண்கள், அதாவது மேல்சுரங்கள், அதன் முழு மடங்குகளாக அமையாது. அதனால் முரசில் சுரம் தெளிவாகக் கேட்பதில்லை. மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையில் பூசும் கருப்புப் பசையான கரணை அந்த மேல்சுரங்களை முழு மடங்குகளுக்கு இழுத்து வருகிறது. 1920இல் சி.வி. ராமன் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார். ஆக, மிருதங்கம் பாடகரின் சுருதியில் சேர்ந்து பாடுகிறது! படத்தில் அது படுக்கைக் கோடாகத் தெரியாமல் என்ன செய்யும்?

அப்புறம் கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது. அந்தக் கச்சேரியில் தாத்தா பாடிய தோடி ராகத்தின் காந்தாரம் ('க' சுரம்) ஓரிடத்தில் நிற்குமா? அதன் கோடு வளைந்து நெளிகிறது. செங்குத்தாக ஏறும் இடங்களில் குரல் தாளப் பக்கம் போய்விடுகிறது. துண்டைச் சுருக்கி 1,024 ஆக்கினால் கமகத்தைத் தொடர முடிகிறது. ஆனால் படத்தில் அடுத்தடுத்த அதிர்வெண் படிகளின் இடைவெளி இரட்டித்து 43 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். தாத்தா ஒரு கட்டையில் பாடுபவர், அதாவது அவருடைய 'ஸ' சுமார் 131 ஹெர்ட்ஸ்; அதன் கோடுகளும் அதே இடைவெளியில்தான் இருக்கும். அவர் குரலின் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. கடைசியில் 2,048க்கே திரும்பினேன்.

அந்தத் தோடியில் ஒரு நிமிடம் இப்போது போடுகிறேன். முதலில் கேசட்டில் இருப்பது, பிறகு பிரித்த குரல். குரலுக்கு அடியில் மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்கும். அதுதான் வலந்தலை.