ஒரு நாள் ஸ்டுடியோ

அனைவருக்கும் வணக்கம்.

இன்று இரண்டு ஆங்கிலேயர்களைப் பற்றிப் பேசப்போகிறேன். ஒருவர் கிட்டார் கலைஞர் ஃப்ரெட் ஃப்ரித். இன்னொருவர் பிபிசி ரேடியோ 1 வானொலியில் இசைத்தட்டுகளைப் போட்டுப் பேசிய ஜான் பீல். ஃப்ரித்தின் பெயரை உங்களில் பலர் இப்போதுதான் கேள்விப்படுகிறீர்கள் என்று முகங்களைப் பார்த்தாலே தெரிகிறது. 1971ல் பிரிட்டனிலும் அதே நிலைமைதான். அவர் யார் என்று யாருக்கும் தெரியாது.

ஃப்ரித் 1949ல் சசெக்ஸில் பிறந்தவர். ஐந்து வயதில் வயலின், பதிமூன்று வயதில் கிட்டார். 1968ல் கேம்பிரிட்ஜில் படிக்கும்போது டிம் ஹாட்ஜ்கின்சன் என்ற சக மாணவரோடு சேர்ந்து 'ஹென்றி கவ்' என்ற குழுவைத் தொடங்கினார். ராக் இசையின் டிரம்ஸும் மின்கிட்டாரும் இருக்கும். கூடவே, இருபதாம் நூற்றாண்டு மேற்கத்திய செவ்வியல் இசையைப் போலச் சிக்கலாக எழுதிய பகுதிகள் வரும். நடுநடுவே மேடையிலேயே அந்தக் கணத்தில் கற்பனை செய்து வாசிப்பார்கள். ஆடவும் முடியாது, கூடச் சேர்ந்து பாடவும் முடியாது. இப்படிப்பட்ட குழுவை எந்த இசைத்தட்டு கம்பெனி வந்து கூப்பிடும்?

அப்போதுதான் ஜான் பீல் தன் நிகழ்ச்சியில் 'ராக்கர்ட்யூனிட்டி நாக்ஸ்' என்று ஒரு போட்டி வைத்தார். தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு திறமைப் போட்டியின் பெயரைக் கேலியாகத் திருப்பிவைத்த பெயர் அது. ஹென்றி கவ் கலந்துகொண்டு வென்றது. பரிசு, பிபிசி ஸ்டுடியோவில் ஒரு 'பீல் செஷன்'.

செஷன் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். என் பேச்சின் மையமே அதுதான். அந்தக் காலத்தில் பிபிசி தன் இஷ்டத்துக்கு இசைத்தட்டுகளை ஒலிபரப்ப முடியாது. நாள் முழுக்கத் தட்டையே ஓட்டினால் வாசிக்கிறவர்களின் பிழைப்பு என்னாவது என்று இசைக்கலைஞர் சங்கம் கேட்டது. தட்டு கம்பெனிகளும் தங்கள் பங்குக்குக் கட்டுப்பாடு விதித்தன. ஆகவே தட்டுக்கென்று இத்தனை மணி நேரம்தான் என ஓர் அளவு இருந்தது. 'நீடில் டைம்' என்பார்கள். மிச்ச நேரத்தை நிரப்ப, கலைஞர்களை வரவழைத்து பிபிசியே ஒலிப்பதிவு செய்தாக வேண்டும். மற்றவர்களுக்கு இது ஒரு தொல்லை. பீலும் அவருடைய தயாரிப்பாளர் ஜான் வால்ட்டர்ஸும் இதையே புதியவர்களுக்கான வாசலாக்கினார்கள்.

செஷன் பெரும்பாலும் ஒரே நாள் வேலை. கருவிகளை இறக்கி, வழக்கமாக நான்கு உருப்படிகளைப் பதிவுசெய்து, அன்றைக்கே ஒலிக்கலவையும் முடித்துவிட வேண்டும். தேர்ந்த ஒலிப்பதிவுப் பொறியாளர்கள் உட்கார்ந்து செய்துகொடுப்பார்கள். கலைஞர்களுக்குச் சம்பளமும் உண்டு. அப்புறம் அது நாடு முழுக்க ஒலிபரப்பாகும். கையில் ஒரு தட்டுகூட இல்லாத குழுவுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். பீல் காலத்தில் இப்படி 4,000க்கும் மேற்பட்ட செஷன்கள் நடந்தன.

சரி, பீல் யார்? லிவர்பூலுக்குப் பக்கத்தில் ஹெஸ்வாலில் 1939ல் பிறந்தவர். 1960களில் அமெரிக்க வானொலி நிலையங்களில் வேலை பார்த்தார். 1967ல் கடலில் கப்பலிலிருந்து அனுமதியில்லாமல் ஒலிபரப்பிய 'ரேடியோ லண்டன்', அதே ஆண்டு ரேடியோ 1. அன்றிலிருந்து 2004ல் பெருவில் இறக்கும்வரை அங்கேதான். தாழ்ந்த குரலில், கூவி விற்காமல் பேசுவார். ராபர்ட் ஃப்ரிப், பிரையன் ஈனோ என்ற இரண்டு இசைக்கலைஞர்கள் சேர்ந்து செய்த ஒரு தட்டின் ஒலிநாடாவை 1973ல் தலைகீழாக ஓட்டிவிட்டார் என்று சொல்வார்கள். பிசகுதான். ஆனால் அந்த மாதிரி இசையை முழுசாக ஒலிபரப்ப வேண்டும் என்று அங்கே வேறு யாருக்குத் தோன்றியது?

1973ல் வர்ஜின் கம்பெனி ஹென்றி கவ் குழுவை ஒப்பந்தம் செய்தது. அதே ஆண்டு மே 29 அன்று, வர்ஜின் வெளியிட்ட மைக் ஓல்ட்ஃபீல்டின் 'டியூபுலர் பெல்ஸ்' தட்டை பீல் முழுவதுமாக ஒலிபரப்பினார். அந்தத் தட்டின் வெற்றிதான் வர்ஜினை நிமிர்த்தியது. அதனால்தான் ஹென்றி கவ் போன்ற குழுக்களை வைத்துக்கொள்ள அதற்குத் தெம்பு வந்தது என்பது என் எண்ணம்.

இனி கிட்டாருக்கு வருவோம். இந்த மேசைமேல் ஒன்றைக் கிடத்தியிருக்கிறேன். கழுத்தில் குறுக்கே ஓடும் உலோகப் பட்டைகளுக்கு ஃபிரெட் என்று பெயர். ஐந்தாம் ஃபிரெட்டில் விரலை அழுத்துகிறேன். வலது கையால் மீட்டினால் நமக்குப் பழக்கமான ஸ்வரம். இப்போது அழுத்திய விரலுக்கு அந்தப் பக்கம், கம்பியை முறுக்கும் சாவிகள் இருக்கும் பக்கம், அதே கம்பியைச் சுண்டுகிறேன். முன்வரிசைக்கு மட்டும் கேட்டிருக்கும். எல்லோரும் வேண்டாம் என்று விட்டுவிடும் ஒலி இது. ஃப்ரித் கிட்டாரின் கழுத்து முனையில் கம்பிகளுக்கு மேலே இன்னொரு பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் கருவி, பொருத்தினார். இந்தக் கீச்சு ஒலி பெரிதாகிவிட்டது. அப்புறம் கழுத்தின் நடுவில் கேப்போ, அதாவது எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் பிடி, போட்டு இறுக்கினார். ஒரே கழுத்தில் இரண்டு கிட்டார்; இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. கடைசியாக இது, எலக்ட்ரீஷியன்கள் வயரைக் கவ்வ வைக்கும் குரோக்கடைல் கிளிப். கம்பியில் மாட்டித் தட்டுகிறேன். வெண்கலப் பாத்திரத்தில் கரண்டி பட்டது போல இருக்கிறதா?

இப்படித் தயார்செய்த கிட்டாரோடு 1974 ஜூலையில் லண்டன் கலைடோஃபோன் ஸ்டுடியோவில் நான்கே நாளில் பதிவுசெய்ததுதான் 'கிட்டார் சோலோஸ்'. இசை வார இதழான என்எம்இ அதை அந்த ஆண்டின் சிறந்த தட்டுகளில் ஒன்றாகச் சொன்னது. கிட்டாரை மேசைமேல் கிடத்தி வாசித்ததில் ஃப்ரித் முதல்வர் இல்லை. ஏஎம்எம் குழுவின் கீத் ரோ 1960களிலேயே செய்தார். பியானோ கம்பிகளுக்கு நடுவே திருகாணி செருகிய அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் அதற்கும் முன்னோடி. ஆனால் அந்தத் தேடலை ராக் கேட்கும் இளைஞனின் வீட்டுக்குள் கொண்டுபோனதில் ஃப்ரித்துக்குப் பெரிய பங்கு உண்டு.

1975 ஆகஸ்டில் ஹென்றி கவ் மீண்டும் பீல் செஷன் செய்தது. குழுவின் 'கான்சர்ட்ஸ்' தட்டில் அது இருக்கிறது, கேட்கலாம். அடுத்த ஆண்டு பங்க் என்ற முரட்டுத்தனமான, எளிமையான ராக் இசை வந்தது, பீலின் காது அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. கைவிட்டுவிட்டார் என்று சிலர் குறைப்படுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1971ல் பெயர் தெரியாத குழுவுக்குக் கிடைத்த அந்த ஒரு நாள், 1976ல் பெயர் தெரியாத இன்னொரு குழுவுக்குப் போக வேண்டியதுதான். காலம் முழுக்க ஒருவரையே தாங்கிக்கொண்டிருந்தால் அடுத்தவருக்கு ஸ்டுடியோ ஏது?

ஃப்ரித்தும் அதை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. 1978 மார்ச்சில் ஹென்றி கவ் ஐந்து நாட்டுக் குழுக்களை லண்டனில் ஒரே மேடையில் ஏற்றி, கம்பெனிகள் ஒதுக்கித்தள்ளிய இசைக்கு 'ராக் இன் ஆப்போசிஷன்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. குழு கலைந்தபின் அவர் நியூயார்க் போனார். பில் லாஸ்வெல்லோடு 'மாஸக்கர்', டாம் கோராவோடு 'ஸ்கெலட்டன் க்ரூ', ஜான் ஜோர்னின் 'நேக்கட் சிட்டி'யில் பேஸ் கிட்டார் என்று வரிசையாக வேலை. பிறகு பல ஆண்டுகள் கலிஃபோர்னியாவின் மில்ஸ் கல்லூரியில் இசையமைப்புப் பேராசிரியர். 2018ல் ஓய்வு பெற்றார்.

போதும், நான் பேசியது. இப்போது 'கிட்டார் சோலோஸ்' தட்டின் கடைசி உருப்படியான 'நோ பேர்ட்ஸ்' ஒலிக்கப்போகிறது. நீளமானது, முழுசாகக் கேளுங்கள். அது முடிந்ததும் கிட்டார் இங்கேயே இருக்கும், கிளிப்பும் இருக்கும். தட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் மேடைக்கு வாருங்கள்.