விலைபோகாத ஒரு பெட்டியின் இசை

நேயர்களுக்கு வணக்கம். மின்னணு நடன இசையின் கிளைகளுள் ஒன்றான ஆசிட் ஹவுஸ் பற்றி இன்று பேச விழைகிறேன். இதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 1988ஆம் ஆண்டின் இங்கிலாந்து இளைஞர்களிடம் தொடங்கி அங்கேயே முடித்துவிடுவார்கள். ஆனால், அந்த ஒலி உருவானது அமெரிக்காவின் சிகாகோ நகரில்; அதுவும், ஜப்பானில் தயாராகிச் சந்தையில் விலைபோகாமல் கிடந்த ஒரு சிறு பெட்டியிலிருந்து.

அந்தப் பெட்டியின் பெயர் டிபி 303. ரோலண்ட் நிறுவனத்தின் பொறியாளர் தடாவோ கிகுமோட்டோ வடிவமைத்த இக்கருவி, வீட்டில் தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார் கலைஞருக்கு தாழ்ந்த ஸ்வரங்களை ஒலிக்கும் பேஸ் கிட்டார் துணையாக ஒலிக்கட்டும் என்ற நோக்கத்துடன் 1980களின் தொடக்கத்தில் வெளிவந்தது. பேஸ் கிட்டாரைப் போல அது ஒலிக்கவில்லை என்பது முதல் குறை. ஸ்வரங்களை ஒரு தடவையும் அவற்றின் கால அளவை மறு தடவையும் தனித்தனியே பதிய வேண்டியிருந்தது அடுத்த குறை. ஏறத்தாழ 10,000 பெட்டிகளோடு 1984இல் தயாரிப்பு நின்றது. எஞ்சியவை மலிவு விலைக்குப் பழைய பொருள் கடைகளை அடைந்தன.

அதே காலத்தில் சிகாகோவில், டிஸ்கோவுக்கு எதிரான அலைக்குப் பிறகும் ஆட்டத்தை விடாத கறுப்பின, லத்தீன் இளைஞர்களிடையே, ஒவ்வொரு தாள எண்ணிக்கைக்கும் ஓர் அடி விழும் ஹவுஸ் இசை வேரூன்றியிருந்தது. பியூச்சர் என்ற மூவர் குழுவைச் சேர்ந்த ஸ்பாங்கி, பழைய டிபி 303 ஒன்றை வாங்கினார். அவருடைய நண்பர் டிஜே பியர், பெட்டி ஒரு சிறு கோவையைத் திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதன் குமிழ்களைத் திருகத் தொடங்கினார்.

அந்தக் குமிழ்கள் என்ன செய்கின்றன என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் பிறப்பது ஒரே ஓர் எளிய அலை. அது ஒரு வடிகட்டியின் வழியாக வெளிவருகிறது. எந்த எல்லைக்கு மேலுள்ள அதிர்வுகளைத் தடுப்பது என்பதை ஒரு குமிழ் முடிவு செய்ய, அந்த எல்லையை ஒட்டிய அதிர்வுகளை மட்டும் மிகைப்படுத்துவது மற்றொரு குமிழின் வேலை. எல்லையை உயர்த்திக்கொண்டே போனால், மூக்கடைத்தவர் பேச்சைப் போல மந்தமாயிருந்த ஒலி மெல்லத் திறந்து, கூர்மையாகி, இறுதியில் கீச்சிடுகிறது. இதனோடு, குறிப்பிட்ட ஸ்வரத்தை மட்டும் அழுத்திச் சொல்லவும், ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு நம் ஜாருவைப் போல வழுக்கிச் செல்லவும் அதில் வசதி உண்டு. பதினாறு படிகளுக்குள் அடங்கும் மெட்டு கடைசிவரை மாறுவதேயில்லை. மாறுவது நாதத்தின் நிறம் மட்டுமே. ஆசிட் ஹவுஸின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

மூவரும் பதிவுசெய்த நாடாவை மியூசிக் பாக்ஸ் என்ற சிகாகோ நடனக் கூடத்தில் இசைத்தட்டுகளை ஒலிக்கவிடும் கலைஞரான ரான் ஹார்டி ஒரே இரவில் நான்கு முறை ஒலிக்கவிட்டதாகவும், முதல் முறை கூட்டம் தளத்தைவிட்டு விலகியதாகவும், நான்காம் முறை ஆரவாரித்ததாகவும் அக்குழுவினர் பின்னாளில் கூறியிருக்கிறார்கள். பதினொரு நிமிடத்துக்கும் மேல் நீளும் அந்தப் பதிவு, மார்ஷல் ஜெபர்சனின் தயாரிப்பில் 1987இல் ‘ஆசிட் டிராக்ஸ்’ என்ற பெயரில் இசைத்தட்டாக வந்தது.

அதே ஆண்டின் இறுதியில் லண்டனில் டேனி ராம்ப்ளிங் தொடங்கிய ஷூம் நடன விடுதியிலும், பின்னர் மான்செஸ்டரின் ஹசியெண்டாவிலும் இந்த இசை பரவியது; மஞ்சள் நிறச் சிரிப்பு முகம் அதன் அடையாளமாயிற்று. போதைமாத்திரைப் புழக்கமும் அனுமதியற்ற திறந்தவெளிக் கூட்டங்களும் அரசின் கோபத்தைக் கிளறின. 1994இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், தொடர்ந்து மீண்டும் மீண்டும் வரும் தாள அடிகளையே இத்தகைய இசையின் இலக்கணமாக எழுதிவைத்தது. சட்டம் வரைந்தவர்களின் காதில் அடி மட்டுமே விழுந்தது போலும்!

நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தியும் உண்டு. பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982இலேயே டிபி 303ஐயும் ரோலண்டின் தாளக் கருவியையும் கொண்டு பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். விற்பனையாகாமல் மறைந்த அந்த இசைத்தட்டு 2010இல் மீண்டும் வெளியானபோது, ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்று சிலர் எழுதினார்கள். ஒலியின் ஒற்றுமை வியப்பூட்டுவதே. எனினும் அந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. சிகாகோ இளைஞர்கள் அவர் பதிவைக் கேட்டதற்குச் சான்றில்லை என்பது ஒருபுறமிருக்க, அவருடைய கவனம் ராகத்தின் மீதே இருந்தது. கல்யாணிக்கு நெருங்கிய யமனை அவர் வாசிக்கும்போது, பெட்டி அடியில் துணையாக ஓட, மேலே ராகம் விரிந்துகொண்டே போகிறது. சிகாகோவில் மெட்டை ஓரிடத்தில் கட்டிப்போட்டுவிட்டு, குமிழைத் திருகும் விரல்களிடம் இசையை ஒப்படைத்தார்கள்.