ஓங்கி அடித்தாலும் சத்தம் கூடாத வாத்தியம்

நேயர்களுக்கு வணக்கம்.

பியானோ சத்தம் உங்களுக்குப் பழக்கம்தான், சினிமாப் பாட்டில் கேட்டிருப்பீர்கள். இன்று பேசப்போவது ஹார்ப்சிகார்ட் பற்றி. பார்வைக்கு அதுவும் பியானோபோலத்தான், கொஞ்சம் ஒல்லி. ஆனால் உள்ளே நடப்பது வேறு. பியானோவில் கட்டையை அழுத்தினால் சிறு சுத்தியல் தந்தியை அடிக்கும். ஹார்ப்சிகார்டில் ஒரு சின்ன நகம் தந்தியைச் சுண்டிவிடும், வீணையில் விரல் சுண்டுகிற மாதிரி. அந்தக் காலத்தில் காக்கை இறகின் தண்டைச் சீவி அந்த நகத்தைச் செய்தார்கள். அதனால், எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் சத்தம் கூடாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

பாக், ஸ்கார்லட்டி என்ற இசையமைப்பாளர்கள் வாழ்ந்த காலத்து ஐரோப்பிய இசையைப் பரோக் என்பார்கள். அது பெரும்பாலும் இந்த வாத்தியத்தின் மேல் நின்றது. பியானோ வந்ததும் இது அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. அதை மறுபடி மேடைக்குக் கொண்டுவருவதையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர் வாண்டா லாண்டோவ்ஸ்கா. 1879இல் வார்சாவில் பிறந்தவர். பியானோ படித்தவர். அதிலேயே நல்ல பேர் வாங்கியிருக்கலாம். இவரோ யாரும் கேட்காத வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டார். 1912இல் பாரிஸின் பிளேயல் என்ற பியானோ கம்பெனி இவர் கேட்டபடி பெரிய ஹார்ப்சிகார்ட் ஒன்றைச் செய்து கொடுத்தது. ஒரே ராகப் பகுதியைப் பல விதமாக மாற்றி வாசிக்கும் பாக்கின் 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்' முழுவதையும் ஹார்ப்சிகார்டில் முதன்முதலாக இசைத்தட்டில் பதிவு செய்தவரும் இவர்தான், 1933இல்.

இனி எனக்குப் பிடித்த கதை. 1940, பாரிஸ், போர்க்காலம். அம்மையார் ஸ்கார்லட்டியின் சொனாட்டாக்களை, அதாவது தனி வாத்தியத்துக்கான சிறு இசைத் துண்டுகளை, பதிவு செய்துகொண்டிருக்கிறார். அந்தத் தட்டை முதல் தடவை கேட்டபோது, ஒரு சொனாட்டாவின் நடுவில் தொம் தொம்மென்று ஏதோ கேட்டது. பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிறார்கள் என்று எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். திரும்பப் போட்டேன். அதே இடம், அதே தொம். அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன், அது விமான எதிர்ப்புப் பீரங்கி! வெளியே பீரங்கி முழங்குகிறது, உள்ளே விரல் நிற்கவில்லை. பியானோவாக இருந்தால் ஓங்கி அடித்துக் கொஞ்சமாவது அமுக்கப் பார்க்கலாம். இதில் முடியாது, சொன்னேனே, ஓங்கி அழுத்தினாலும் சத்தம் கூடாது. காலத்தில்தான், தாளத்தில்தான் நிற்க வேண்டும். அவர் நின்றார். நூறு தடவையாவது கேட்டிருப்பேன், இன்னும் அந்த இடம் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

அவர் யூதர். ஜெர்மன் படை பாரிஸை நெருங்கியதும் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. நூலகத்தையும் வாத்தியங்களையும் நாஜிகள் அள்ளிக்கொண்டு போனார்கள். அவர் நியூயார்க் வந்து இறங்கிய நாள் 1941 டிசம்பர் 7, அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய அதே நாள். இரண்டரை மாதத்தில் அங்கே டவுன் ஹால் என்ற இசை அரங்கில் கோல்ட்பர்க் வாசித்துவிட்டார். அப்போது வயது 62.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடமாம். சரி. பின்னால் வந்தவர்கள், குறிப்பாக நெதர்லாந்தின் ஹார்ப்சிகார்ட் கலைஞர் குஸ்தாவ் லியோன்ஹார்ட், இரும்புச் சட்டம் வைத்த பிளேயலை விட்டு, பழைய வாத்தியங்களுக்கும் அவற்றை அப்படியே பார்த்துச் செய்தவற்றுக்கும் போனார்கள். அவர்கள் செய்தது நியாயம்தான் என்பேன். ஏன் என்று சொல்ல மூன்று பக்கம் எழுதி வந்திருந்தேன், அது இன்னொரு நாள். அந்த ஸ்கார்லட்டி இணையத்தில் கிடைக்கிறது, தேடிக் கேளுங்கள். ஜன்னலை மட்டும் சாத்தப் போகாதீர்கள். வணக்கம்.